கணக்கில் எழுதாத செலவு

ஆடை மனிதனுடைய மானத்தைக் காப்பது என்பர் பெரியோர். ஒருவன் மானத்தைக் காக்கும் ஆடைக்காக இன்னொருவன் உயிரும், ஓர் ஊரின் நதியும் அழிவது நீதியாகுமா என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

வாரத்துக்கொரு மோஸ்தர், இரண்டு மூன்று முறை உடுத்தபின் குப்பை. இதுவே இக்கால நாகரிகம். சரக்கு மலிவாயிருப்பதால் இதை எவரும் குற்றமென்று எண்ணுவதில்லை. அம்மலிவு எங்கிருந்து வந்தது?

வங்காளதேசத்தில் டாக்காவை அடுத்த சாவாரில், ராணா பிளாசா என்னும் 8 மாடிக் கட்டடத்தின் சுவர்களில் 2013 ஏப்ரல் 23-ஆம் நாள் வெடிப்புக் கண்டது. கீழே இருந்த பாங்கும் கடைகளும் மூடப்பட்டன. மேல்மாடிகளில் அயல்நாட்டுக் கம்பெனிகளுக்கு ஆடை தைத்த தொழிலாளரோ மறுநாளும் வேலைக்கு வரும்படி பணிக்கப்பட்டனர். அன்று காலை கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். வெடிப்பு எல்லோருக்கும் ஒன்றே. ஆயினும் வரமாட்டோமென்றால் கூலி போய்விடும் என்றிருந்தவர்களே உள்ளே சென்றனர். மறுக்க இயலாதவரைக் கொண்டு வேலை வாங்குவதனாலேயே மலிவு பிறக்கிறது.

நதிக்கோ மறுத்துப் பேச வாயுமில்லை. தமிழ்நாட்டுத் திருப்பூரில் பனியன்களுக்குச் சாயமேற்றிய பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. உழவர்கள் வழக்காடியதன் பேரில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது.

“கேட்ட விலையைக் கொடுத்தேன், என் கடன் தீர்ந்தது” என்பாருமுளர். கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவை எழுதாமல் விட்டால் இலாபம் கூடினாற்போலத் தோன்றும். செலவு மறைந்துவிடாது, வேறொருவன் தலையில் ஏறும். பால்மரம் வெட்டிய குடும்பங்களிலே பிறந்த நமக்கு இது தெரியாததன்று. நம் பாட்டன்மார் எடுத்த பாலினால் செய்த சக்கரங்களில் ஊர்சுற்றியவர்களில் எத்தனை பேர் அவர்களுடைய கூலியை விசாரித்தார்கள்?

“நாம் வாங்காவிடில் அத்தொழிலாளி பட்டினி கிடப்பானன்றோ?” என்பது நியாயமான வினா. வாங்கவே கூடாதென்று யான் சொல்லவில்லை. அவ்விபத்தைக் கண்டு உலகம் கேள்வி கேட்ட பிறகே, 2013 மே மாதத்தில் பல கம்பெனிகள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. ஆதலின் கேட்பது நம் கடமை. வேண்டியதை மட்டும் வாங்கி, நைந்து போகுமட்டும் உடுத்துவதும் கடமை. கிழிந்ததைத் தைத்து உடுத்துவதில் மானக்கேடு ஒன்றுமில்லை. பிறர் உயிரால் மலிவானதை அறிந்தும் ஆசைக்காக வாங்கிக் குவிப்பதே மானக்கேடு.