பிறக்காத பிள்ளைகள்

“இன்னும் அஞ்சு நிமிஷம் பேச்சுக் கொடுத்து வீட்லயே நிறுத்தியிருந்தா…” விபத்தில் ஒருவரைப் பறிகொடுத்த வீட்டில் இந்தப் புலம்பல் லேசில் ஓய்வதில்லை. கிறிஸ்டபர் டேவிஸ் முதலிய உளவியல் ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதை ஆராய்ந்தது. சாலை விபத்தில் துணையையோ பிள்ளையையோ இழந்தவர்களை அவர்கள் சில ஆண்டுகள் கழித்துச் சந்தித்தார்கள். நடந்ததை மனத்துக்குள் அடிக்கடி மாற்றிப் பார்த்தவர்களுக்கே வேதனை அதிகமாக இருந்தது. அப்படி மாற்றும்போதும் அவர்கள் மோதிய ஓட்டுநரை அவ்வளவாகச் சீண்டவில்லை. குற்றம் தங்கள் பக்கம் இல்லாதபோதும், பெரும்பாலும் தாங்கள் செய்ததை, செய்யத் தவறியதைத்தான் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புலம்பல் அஞ்சு நிமிஷத்தோடு நின்றுவிடுகிறது. ஆள் பிழைத்திருந்தால் பிறகு வந்திருக்கக்கூடிய நாற்பது வருஷத்துக்குள் அது போவதில்லை. அங்கே போவது கதைக்காரர்கள்தாம்.

போகிற எல்லோரும் நேர்மையாகப் போவதில்லை. மாட் ஹெய்க்கின் ‘தி மிட்நைட் லைப்ரரி’ (2020) நாவலில், வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே ஒரு நூலகம் இருக்கிறது. நோரா சீட் அங்கே எடுக்கிற ஒவ்வொரு புத்தகமும் அவள் வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு வாழ்க்கை. அநேகமாக எல்லாவற்றிலும் சொல்லிவைத்தாற்போல ஏதோ ஒரு குறை முளைத்து அவளைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ‘இந்தப் பழம் புளிக்கும்’ என்ற ஆறுதல்தான். உலகமெங்கும் விற்றுத் தீர்ந்த ஆறுதல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டெட் சியாங் அந்தச் சலுகையைத் தரவில்லை. 1998இல் வந்த ‘ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்’ குறுநாவலில், வேற்றுக்கிரகவாசிகளின் எழுத்தைக் கற்கும் மொழியியலாளர் லூயிஸ் பேங்க்ஸுக்கு, நடந்ததும் நடக்கப்போவதும் ஒருசேரத் தெரிய ஆரம்பிக்கின்றன. மகள் பிறப்பதற்கு முன்பே, அவள் 25 வயதில் மலையேறும்போது விழுந்து இறப்பாள் என்பதும் தெரிகிறது. தெரிந்தே பெற்றுக்கொள்கிறாள். ‘அரைவல்’ (2016) படம் அந்த விபத்தைத் தீராத நோயாக மாற்றிவிட்டது. நோயென்றால் தாயால் என்ன செய்துவிட முடியும்? மலையென்றால் ‘போகாதேம்மா’ என்று ஒரு வார்த்தை போதுமே! அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாத இடத்தில் தாயை நிறுத்துவதால்தான் புத்தகம் படத்தைவிடத் துணிச்சலானது.

ஆனால் இந்த வகையில் இன்றுவரை மிஞ்ச முடியாத ஒன்றை, 1822 ஜனவரியிலேயே ஒரு குமாஸ்தா எழுதிவிட்டார். சார்லஸ் லாம்ப் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமையகத்தில் கணக்கெழுதியவர். அவருக்கு 21 வயதானபோது அக்கா மேரி சித்தம் கலங்கித் தாயைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். அக்காவைக் காலமெல்லாம் மனநோய் விடுதியில் அடைத்துவைக்க மனமில்லாமல், பொறுப்பைத் தம்பி ஏற்றார். விரும்பிய பெண் வேறொருவரை மணந்தாள். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. 1821 அக்டோபரில் அண்ணன் ஜானும் இறந்தார்.

அடுத்த சில வாரங்களில் வந்த கட்டுரைதான் ‘கனவுக் குழந்தைகள்’. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்த பலர் அதைத் தேர்வுக்காக உருப்போட்டிருப்பார்கள். ஆலிஸ், ஜான் என்று இரண்டு பிள்ளைகள் அப்பாவிடம் கதை கேட்கிறார்கள். கொள்ளுப்பாட்டி காவலிருந்த பெரிய வீடு, அதன் தோட்டம், கால் நோவால் நடக்க முடியாத தம்பியை முதுகில் சுமந்த பெரியப்பா என்று பேச்சு போகிறது. பெரியப்பாவின் சாவை எட்டியதும் பிள்ளைகள் அழுது, அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொல்கிறார்கள். சொல்லத் தொடங்கியதும் மங்கி மறைகிறார்கள். அவர்கள் பிறக்கவே இல்லை.

கற்பனைக்குக் காசா, பணமா? லாம்ப் அண்ணனைப் பிழைக்கவைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கனவிலும் அண்ணன் இறந்துதான் போயிருக்கிறார்; பாட்டி புற்றுநோயில் போயிருக்கிறாள்; நிஜத்தில் இன்னொருவர் மனைவியான அந்தப் பெண்கூட, கனவில் இவருக்கு வாழ்க்கைப்பட்டு இறந்துவிட்டாள். எந்தச் சாவையும் அவர் திருத்தவில்லை. செத்தவர்களின் கதையைச் சொன்னால் உட்கார்ந்து கேட்க இரண்டு பிள்ளைகளை மட்டும் உண்டாக்கிக்கொண்டார். இழந்தவருக்கு இழந்தது திரும்ப வேண்டும் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். பல சமயம் அவருக்கு வேண்டியிருப்பது, ‘அப்புறம்?’ என்று கேட்க ஓர் ஆள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் அப்படிக் கேட்பவர்கள் குறைவு. பேச்சை மாற்றுகிறவர்களே அதிகம்.

கட்டுரை வந்த அடுத்த ஆண்டே, தகப்பனை இழந்த எம்மா ஐசோலாவை லாம்பும் மேரியும் வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். லத்தீன்கூடக் கற்றுக்கொடுத்தார்கள். 1833இல் எம்மா பதிப்பாளர் எட்வர்ட் மாக்ஸனை மணந்தாள். அதே ஆண்டில் லாம்பின் கடைசிக் கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டவரும் அந்த மாப்பிள்ளைதான்.