எம்-புக்கில் போடும் கையெழுத்து

பொதுப்பணம் கொள்ளை போகிறது என்றதும் பெட்டி பெட்டியாகக் கைமாறும் நோட்டுக்கட்டுகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு மாநகராட்சியில் பணம் தார்ச்சாலையின் கனத்தில் பத்து மில்லிமீட்டராகவும், வடிகால் பள்ளத்தில் அரையடி ஆழமாகவும், போடாத கம்பியாகவும் போகிறது. கண்ணெதிரே போவதாலேயே அது நம்மை உறுத்துவதில்லை.

கிழக்கு டெல்லியில் சுந்தர் நகரி என்ற மறுகுடியமர்வுப் பகுதி. அங்கும் பக்கத்து நியூ சீமாபுரியிலும் மாநகராட்சி செய்து முடித்ததாகச் சொன்ன வேலைகளின் ஒப்பந்த நகல்களை, ‘பரிவர்த்தன்’ அமைப்பினர் டெல்லியின் தகவல் உரிமைச் சட்டத்தைக் கொண்டு வாங்கினார்கள். தெருத் தெருவாகப் போய் மக்களிடம் வாசித்துக் காட்டினார்கள். 2002 டிசம்பர் 14 அன்று எல்லோரையும் கூட்டிப் பொதுவில் வாசித்தார்கள். மொத்தம் 68 வேலைகள், மதிப்பு சுமார் 1.3 கோடி ரூபாய். அவற்றில் 64 வேலைகளில் கணக்கு இடித்தது. ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய்க்கான பொருள்கள் அந்த இடத்திலேயே இல்லை. வடிகால்மேல் 253 இரும்புக் கிராதிகள் பொருத்தியதாகப் பணம் கொடுத்திருந்தார்கள், இருந்தவை 30. மின்மோட்டார் வைத்த கைப்பம்புகள் காகிதத்தில் 29, தெருவில் 14.

இதைக் கண்டுபிடிக்கத் தணிக்கையாளர் யாரும் தேவைப்படவில்லை. வாசலுக்கு எதிரே கிராதி இருக்கிறதா இல்லையா என்று அந்தத் தெருவில் பிள்ளை வளர்க்கும் தாய்க்குத் தெரியாதா? இருப்பதாக எழுதி, கையெழுத்தும் போட்டு, பணமும் வாங்கியாயிற்று என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

அந்தக் கையெழுத்து விழும் இடத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. டெண்டரைப் பற்றித்தான் பேசுகிறோம். தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டிலேயே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. அறிவிப்பு எப்படி வெளியிடுவது, எத்தனை நாள் அவகாசம் தருவது, யாருக்கு வேலையைக் கொடுப்பது என்றெல்லாம் அது வரையறுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் வேலையை யாருக்கென்று முடிவு செய்வதோடு அதன் வெளிச்சம் நின்றுவிடுகிறது. அதன்பிறகு சாலையில் என்ன போட்டார்கள் என்பதைச் சொல்வது எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம். நீளம், அகலம், கனம் என்று உதவிப் பொறியாளர் அளந்து அதில் எழுத வேண்டும். மேலதிகாரி சரிபார்க்க வேண்டும். அதை வைத்துத்தான் பில் பாஸாகிறது. நாற்பது மில்லிமீட்டர் என்று எழுதிய இடத்தில் முப்பதுதான் இருக்கிறதென்றால், நாலில் ஒரு பங்கு அந்தப் பக்கத்திலேயே காணாமல் போய்விட்டது.

ஒப்பந்ததாரர் பலருக்கும் கமிஷன் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். “பார்த்துப் பண்ணுங்க தம்பி” என்கிறார் மேலதிகாரி. கவுன்சிலர் வீட்டிலிருந்து போன் வருகிறது. கையெழுத்துப் போட மறுத்தால் அடுத்த மாதம் எந்த ஊருக்கு மாற்றுவார்களோ தெரியாது. இத்தனைக்கும் நடுவே அளந்ததை அளந்தபடி எழுதும் பொறியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாலை போட யாரும் வருவதில்லை. பக்கத்தில் நிற்கவும் யாரும் வருவதில்லை. அவர்களைத் தனியே விட்டது நாம்தான். “யார்தான் சாப்பிடல?” என்று டீக்கடையில் சொல்லும்போது, திருடியவரையும் திருட மறுத்தவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறோம். இதை நான் சின்னக் குற்றமாக நினைக்கவில்லை.

நாம் கேட்காமல் விடுவதற்குச் சாலை மட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால் தெரு உயர்கிறது, வீடு பள்ளத்துக்குள் போகிறது. ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் அடுப்படிவரை வருகிறது. கடன் வாங்கி வாசலை உயர்த்திக் கட்டுகிறோம். சுரண்டும் வேலைக்கும் மதிப்பீட்டில் பணம் ஒதுக்கியிருந்தார்களா என்று கேட்கத் தோன்றுவதில்லை. கேட்டிருந்தால் அந்தக் கடன் நமக்கு வந்திருக்காது.

கேட்பதற்கு வழி இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் நம் நகரங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. அங்கே வார்டு வேலைகளின் மதிப்பீட்டை வாசிக்கச் சொல்லலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆவண நகல் வாங்குவதோடு, நடக்கும் வேலையை நேரில் போய்ப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் அதன் 2(ஜே) பிரிவு இடம் தருகிறது. நம் தெருவில் போட்ட தாரையே கேட்டு வாங்கலாம்! விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு முப்பது நாள். எம்-புக் பக்கத்தின் நகலை வாங்கிக்கொண்டு, ஒரு டேப்போடு தெருவில் நான்கு பேர் இறங்கினால் அளவு தெரிந்துவிடும். ‘உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?’ என்று கவுன்ட்டரில் கேட்டால், அதே சட்டத்தின் 6(2) பிரிவைக் காட்டுங்கள்: விண்ணப்பிப்பவர் காரணம் எதையும் சொல்ல வேண்டியதில்லை.