எடுத்ததற்கெல்லாம் ஃபார்மட்

கம்ப்யூட்டர் பழுது பார்க்க வீட்டுக்கு வருகிறவர், அதைப் போட்டுப் பார்த்த கொஞ்ச நேரத்தில் சொல்வது ஊருக்கு ஊர் மாறுவதில்லை. “ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மட் போட்டுடலாம்.” அடுத்து ஒரு கேள்வி வரும்: “சி டிரைவ்ல முக்கியமா ஏதாவது இருக்கா?” இதற்குச் சட்டென்று பதில் சொன்னவரை நான் பார்த்ததில்லை. டெஸ்க்டாப்பில் இறைந்து கிடப்பதெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரியவரும்.

ஒரு மணி நேரத்தில் புது விண்டோஸ் வந்துவிடும். தொட்டதும் திறக்கும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த வேகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கணினியோடு சேர்ந்து எழுந்திருக்க வேண்டிய மென்பொருள் எதுவும் இன்னும் ஏறவில்லை, அதனால் ஓடுகிறது. பிரிண்டர், ஆன்டிவைரஸ், கணக்கு மென்பொருள், பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒவ்வொன்றாக ஏற ஏறப் பழைய நடைக்கு அது திரும்பிவிடும். அது பரவாயில்லை, புழங்குகிற கணினி அப்படித்தான் இருக்கும். என் மனக்குறை வேறு. ஃபார்மட் போட்ட பிறகு, முதலில் என்னதான் கோளாறு என்பது யாருக்குமே தெரியாமல் போய்விடுகிறது. தடயம் கிடந்த இடத்தைக் கழுவிவிட்டு அப்புறம் எங்கே தேடுவது?

அக்கா வீட்டுக் கணினியில் ஒரு நாள் எந்த இணையதளமும் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை மட்டும் வந்துகொண்டிருந்தது. முதலில் நெட் கனெக்‌ஷன்காரர் திட்டு வாங்கினார். பிறகு வைரஸ் என்று முடிவாயிற்று. ஒருவர் வந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு, தேதி நேரமெல்லாம் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். அன்று எல்லாம் திறந்தது. இரவில் வழக்கம்போல ஸ்விட்ச் போர்டிலேயே அணைத்துவிட்டுப் படுத்தார்கள். காலையில் மறுபடி அதே எச்சரிக்கை. மறுபடி ஆள் வந்தார், மறுபடி ஃபார்மட்.

கண்டுபிடித்தது அக்காதான். அந்த வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கிறவர் அவர். தேதி விஷயத்தில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. “தம்பி, இதுல 2009-னு காட்டுதுடா” என்றார். மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்திலும் கணினியின் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்தியதும் தேதி எங்கோ பின்னால் போய் நின்றுகொள்ளும். ஒவ்வொரு இணையதளமும் உள்ளே விடுவதற்கு முன் ஒரு சான்றிதழைக் காட்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2009-இல் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு அவை எல்லாமே செல்லுபடியாகத் தொடங்காத சான்றிதழ்கள். எப்படித் திறக்கும்? இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடும் காசில் புது பேட்டரி வந்தது. நூறு தடவை விண்டோஸ் போட்டிருந்தாலும் அந்தக் கடிகாரம் ஓடியிருக்காது.

நடுவில் போனது ஒன்று உண்டு. அத்தான் இலக்கியக் கூட்டங்களுக்காகத் தட்டச்சு செய்து வைத்திருந்த குறிப்புகளெல்லாம் டி டிரைவில் பத்திரமாகத்தான் இருந்தன. திறந்தால் ஒரு வரி தமிழில்லை. அவர் அடித்தது பாமினி எழுத்துருவில். யூனிகோடுக்கு முந்திய அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. எழுத்துரு போய்விட்டால், ‘அம்மா’ என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று நிற்கும். எழுத்துருவைத் தேடிப் போட்டதும் எல்லாம் திரும்பி வந்தது, பிறகு யூனிகோடுக்கு மாற்றிவிட்டோம். ஆனால் “முக்கியமா ஏதாவது இருக்கா” என்று கேட்டபோது எழுத்துரு யாருக்கு நினைவுக்கு வரும்? அழிக்கும்போது நம் பட்டியலில் இல்லாததுதான் முதலில் போகிறது.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டி நின்றுபோனதை நினைத்துப் பாருங்கள். விமானங்கள் ரத்தாயின; நம் நாட்டிலும் சில பயணிகள் கையால் எழுதிய போர்டிங் பாஸோடு விமானம் ஏறினார்கள். சுமார் 85 லட்சம் கணினிகள் என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. காரணம், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு அப்டேட். சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை அழித்தால் கணினி எழுந்துகொள்ளும் என்று வழி சொன்னார்கள். தெரு முனைக் கடையில் அதே நீலத் திரையைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அழித்தே ஆக வேண்டிய நேரமும் உண்டு. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ் உள்ளே புகுந்துவிட்டால், எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. மொத்தமாகத் துடைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அங்கே நோய் இன்னதென்று தெரிந்த பிறகு துடைக்கிறோம்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டி ஐந்து நிமிடத்தில் ஒருவர் சரிசெய்துவிட்டால், “இதுக்கா ஐந்நூறு ரூபாய்?” என்று கேட்கிற ஆட்கள்தானே நாம். ஊசி போடாமல் அனுப்பும் டாக்டர் மீதும் நமக்கு நம்பிக்கை வருவதில்லை. ஃபார்மட்டுக்கு ரேட் இருக்கிறது; யோசிப்பதற்கு இல்லை. பாவம், அவர் எதை விற்பார்?

வீட்டு விவகாரங்களிலும் நம் கை அந்தப் பக்கம்தான் போகிறது. பையன் பொறுப்பில்லாமல் திரிந்தால், “ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்.” எதனால் திரிகிறான் என்று கேட்பதற்குள் மண்டபம் பார்த்தாகிவிடும். அப்புறம் பெண்ணைப் பெற்றவர்கள் வந்து உட்கார்ந்து அழுவார்கள். மார்க் குறைந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை மாற்றுவோம், டியூஷனை மாற்றுவோம். கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா என்று யாரும் கேட்டிருக்க மாட்டோம். மாற்றிய முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் போகும். புது விண்டோஸும் முதல் நாள் நன்றாகத்தான் ஓடியது.

விண்டோஸுக்குள்ளேயே ரிலையபிலிட்டி மானிட்டர் என்று ஒன்று இருக்கிறது. தேடுமிடத்தில் ரிலையபிலிட்டி என்று அடித்தால் வரும். எந்தத் தேதியில் எந்த மென்பொருள் ஏறியது, எது விழுந்தது என்று நாள்வாரியாகக் காட்டி, சிவப்புப் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கும். 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்தே இருக்கும் வசதி. கணினி எழுந்து நிற்கும் வரைக்கும் அதைப் பார்க்கலாம். ஃபார்மட் போட்டால் அதுவும் போய்விடும். அடுத்த முறை ஆளைக் கூப்பிடும் முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். வருகிறவர் எடுத்த எடுப்பில் “ஃபார்மட்” என்று சொல்லாமல், “என்னையிலேர்ந்து இப்படி இருக்கு?” என்று கேட்டால், அவர் கேட்கும் கூலியை முணுமுணுக்காமல் கொடுங்கள். அவர் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.