தவ்பாவுக்குப் பிறகும் நிற்கும் வழக்கு

 



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்து, பருத்தியும் மிளகாயும் கைவிட்ட வருஷத்தில் வீட்டில் அடுத்த பேச்சு பாஸ்போர்ட்தான். ஒரு பிள்ளை துபாய்க்கோ மலேசியாவுக்கோ போனால்தான் கடன் அடையும், தங்கச்சி நிக்காஹ் நடக்கும்.

அந்தப் பிள்ளை மேல் ஒரு வழக்கு இருந்தால்? வரப்புத் தகராறோ, வாலிப வேகத்தில் நடந்த அடிதடியோ. இன்று அவர் திருந்திவிட்டார், ஐவேளையும் தொழுகிறார். ஆனால் வழக்கு நிலுவையில் உள்ளதா என்று விண்ணப்பம் கேட்கிறது. "அல்லாஹ் மூடிவைத்த குறையை நானே ஏன் திறக்க வேண்டும்? இல்லை என்று எழுதினால் என்ன?" என்று மனம் கேட்கிறது.

இது லேசான கேள்வி அல்ல. செய்த பாவத்தை நாமே ஊரெல்லாம் சொல்லித் திரியக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அப்படியானால் மறைப்பதுதானே சரி?

மூஸா (அலை) அவர்களின் வழி

ஸூரத்துல் கஸஸைப் பாருங்கள். மூஸா (அலை) அவர்கள் ஒருவனைக் குத்தினார்கள், அவன் இறந்துபோனான். கொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் தமக்குத் தாமே அநீதி செய்துகொண்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். அல்லாஹ் மன்னித்தான். ஆனால் மிஸ்ரில் வழக்கு முடியவில்லை. அவர்களைக் கொல்லச் சதி நடந்ததால் மத்யனுக்குப் போனார்கள்.

அங்கே கிணற்றடியில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டியபோது, தம் கதையை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அடைக்கலம் தந்த பெரியவரிடம் நடந்ததைச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் எட்டு வருட வேலைக்கு ஒப்பந்தம் பேசப்பட்டது. பல வருடம் கழித்து ஃபிர்அவ்ன் தன் சபையில் அந்தப் பழைய சம்பவத்தைக் குத்திக்காட்டியபோதும் அவர்கள் மறுக்கவில்லை. செய்தேன் என்றே ஒப்புக்கொண்டதாக ஸூரத்துஷ் ஷுஅரா கூறுகிறது.

இதில் நமக்குத் தெளிவு கிடைக்கிறது. கேட்க உரிமை இல்லாதவரிடம் குறையை மூடுவது மார்க்கம். கேட்க உரிமை உள்ளவரிடம் பொய் சொல்வது வேறொரு புதிய பாவம்.

உண்மைக்கு வாசல் இருக்கிறது

"உண்மையை எழுதினால் வாழ்க்கையே போய்விடும்" என்ற பயம்தான் பலரைப் பொய்க்குத் தள்ளுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1967-ம் வருட பாஸ்போர்ட் சட்டப்படி, நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். ஆனால் 25.8.1993 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை வழி விட்டிருக்கிறது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் வெளிநாடு செல்ல அனுமதி உத்தரவு வாங்கினால், அதில் குறிப்பிட்ட காலத்துக்குப் பாஸ்போர்ட் தரலாம். காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குக் கிடைக்கும். நீதிமன்றம் அழைத்தால் வந்து நிற்பேன் என்று எழுதித் தர வேண்டும். அது வெறும் காகிதம் என்று எண்ணாதீர்கள். வாக்குறுதி மறுமையில் விசாரிக்கப்படும்.

பொய் எழுதினாலோ, இரண்டு வருடம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையில் இருக்கும் பாஸ்போர்ட்டும் பறிபோகலாம்.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் போராடியவர்கள் மீதான வழக்குகளில், வன்முறை போன்றவை தவிர்த்து மற்றவை திரும்பப் பெறப்படும் என்று 2021 பிப்ரவரியில் கடையநல்லூரில் அன்றைய முதல்வர் அறிவித்தார். குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றத்துக்கு வந்துவிட்ட வழக்கைத் திரும்பப் பெற, நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும். அறிவிப்பை நம்பி மட்டும் இருக்காமல், உங்கள் வழக்கு முடிந்ததற்கான உத்தரவு நகலை வாங்கி வையுங்கள்.

அடிபட்டவரின் வாசல்

ஆளுநரும் குடியரசுத் தலைவரும் தண்டனையை மன்னிக்கலாம். அதற்கு முன்னால் நாம் தட்ட வேண்டிய வாசல் ஒன்று உண்டு. அது அடிபட்டவரின் வாசல். ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது வீடுவீடாகப் போய் மாப்புக் கேட்கிறோமே, பிழைப்புக்காகக் கடல் கடக்கும்போது கேட்கக் கூடாதா? அடியார்களின் ஹக்கை அவர்கள் மன்னிக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டமும் இதை மதிக்கிறது. சாதாரணக் காயம் போன்ற சில வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் சமரசத்துக்கு இசைந்தால் அது விடுதலைக்குச் சமம். மக்கள் நீதிமன்றத்திலும் அதை முடிக்கலாம். அவர் எந்த மதத்தவரானாலும், எந்தச் சாதியாரானாலும், நஷ்டத்தை ஈடுசெய்து மன்னிப்புக் கேளுங்கள்.

ஜமாஅத்தார்களே! உங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. அவர் குறையைக் கேட்க உரிமை அதிகாரிக்கும் நீதிபதிக்கும் உண்டு, டீக்கடைக்கு இல்லை. பெண் கேட்டு வந்தவர் விசாரித்தால் உள்ளதைச் சொல்லுங்கள், அவர் திருந்தியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மற்ற இடத்தில் மூடுங்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான் என்பது நபிமொழி. வக்கீல் பீஸுக்கு வழியில்லாதவருக்குத் தாலுகா சட்டப்பணிகள் குழுவைக் காட்டுங்கள், கூடப் போய் நில்லுங்கள். உண்மை சொன்னவன் தனியாக நின்றால், அடுத்தவன் பொய்யைத்தான் தேடுவான்.

வல்ல அல்லாஹ் நம் தவ்பாவை ஏற்று, நம் நாவுகளை உண்மையில் நிலைக்கச் செய்து, நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்க்கின் வாசல்களைத் திறந்தருள்வானாக! ஆமீன்.