அடைக்கு முன் உறங்கும் உயிர்

கொல்லாமையைத் தலையாய நோன்பாகக் கொண்ட நம் குடும்பங்களின் இளைஞர் சிலர் இரு வினாக்களை எழுப்புகின்றனர். "அடைக்கு வைக்காத முட்டை உயிரற்றதுதானே?" என்பது ஒன்று. "குஞ்சு பொரிப்பகம் நடத்துவது உயிரைப் பிறப்பிக்கும் தொழிலாயிற்றே, அதில் என்ன குற்றம்?" என்பது மற்றொன்று. வினவுவோரைக் கடிவதாற் பயனில்லை. விளக்குவதே பெரியோர் கடமை.

முதலில் உண்மை நிலையை அறிவோம். சேவலோடு சேர்ந்த கோழி இடும் முட்டை வெளிவரும் பொழுதே அதன் கருவில் பல்லாயிரம் உயிரணுக்கள் தோன்றியிருக்கும். தாயின் உடற்சூடு நீங்கியதும் கருவின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஆனால் கரு இறப்பதில்லை. இதனைப் பொரிப்பகத்தார் நன்கறிவர். ஆகவே முட்டைகளைக் கூரிய முனை கீழாக அடுக்கி, 15 முதல் 18 பாகை செல்சியஸ் குளிரில், ஏறத்தாழ 75 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கின்றனர். ஒரு வாரம் வரை பெருந்தீங்கில்லை. அதன்பின் நாளுக்கு நாள் பொரிக்கும் ஆற்றல் குன்றும். பின்னர் 37.5 பாகைச் சூட்டில் வைத்தால் 21-ஆம் நாள் குஞ்சு வெளிவரும். சிற்றூர்ப் பெண்டிர் ஈரமணற் பானையில் முட்டைகளைச் சேர்த்து வைப்பதும் இவ்வறிவினால்தான். உயிரில்லாப் பொருளுக்கு இத்துணைக் காவல் எதற்கு? குதிரில் கிடக்கும் விதைநெல் இன்னும் முளைக்கவில்லை என்பதால் அதனைப் பதர் என்போமா? அசைவின்மை வேறு, உயிரின்மை வேறு. தத்துவார்த்த சூத்திரமும் முட்டையிற் பிறப்பனவற்றை அண்டஜம் எனப் பெயரிட்டுக் கருப்பப் பிறப்பில் அடக்கியுள்ளது.

சேவலின்றி இடப்படும் முட்டையில் கரு இல்லை என்பது மெய்யே. அதனை மறுத்து வாதிடுதல் வாய்மை விரதத்துக்கு ஒவ்வாது. எனினும் அம்முட்டைக்கான கோழிகளைப் பெறுவதற்குப் பொரிக்கும்போது, உடன்பிறக்கும் சேவற்குஞ்சுகள் பெரும்பாலும் முதல் நாளிலேயே அழிக்கப்படுகின்றன. செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றையும் வினையாகக் கொள்ளும் நமக்கு இச்செய்தி ஒன்றே போதும்.

இரண்டாம் வினா நுட்பமானது. ஓர் உயிரை உறங்க வைத்துக் காத்திருப்பதே இம்சை ஆகுமோ? ஆகாது. தாய்க்கோழியும் தான் இட்ட முட்டைகளை உடனே அடைகாப்பதில்லை. எல்லாம் இட்டு முடித்த பின்னரே அமர்கிறது. அதனாற் குஞ்சுகள் ஒருங்கே பிறந்து, ஒருங்கே அதன்பின் நடக்கின்றன. கருங்குழிக்கு அண்மையிலுள்ள வேடந்தாங்கல் ஏரியிலோ நாரையும் கொக்கும் முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்குகின்றன. கூட்டில் மூத்ததும் இளையதுமாகக் குஞ்சுகள் காணப்படும். வழி இரண்டாயினும் பயன் குஞ்சின் வாழ்வே.

அவ்வேரியின் ஊராரையும் எண்ணிப் பாருங்கள். ஆங்கிலச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஆட்சியரிடம் முறையிட்டு, 1798-இல் அவற்றுக்குக் காப்புரிமை பெற்றவர்கள் அவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு உரமாகிறது. ஆகவே அவர்களுக்கும் பயன் உண்டு. ஆனால் அது பறவையை வாழவிட்டுப் பெறும் பயன்.

வாணிகப் பொரிப்பகமோ சந்தையின் தேவைக்காகக் காத்திருக்கிறது. நாள் கடந்த முட்டை கழிவாகிறது. பிறந்த குஞ்சும் கொலைக்களத்துக்கே வளர்க்கப்படுகிறது. குளிரும் காத்திருப்பும் ஒன்றே, கருத்து வேறு. நம் சமயம் இம்சையைப் பாவத்தைக் கொண்டே அளக்கிறது. உழவில் நேரும் இம்சை நாம் விரும்பி நாடுவதன்று. இங்கோ உயிரின் முடிவே தொழிலின் ஊதியமாகிறது.

ஓர் உயிரை உறங்க வைத்தவர் அதனை விழிக்கச் செய்யவும், விழித்ததை வாழவிடவும் கடமைப்பட்டவர். இக்கடமையை நிறைவேற்ற இயலாத தொழில், ஆதாயம் எத்துணைப் பெரிதாயினும், சிராவகர்க்கு ஏற்றதன்று. அயலார் கோழி வளர்ப்பதை இகழ்வதும் நமக்கு அழகன்று. நம் பிள்ளைகளுக்குக் காரணத்தோடு அறத்தை உணர்த்துவோம். உணர்ந்து ஏற்ற விரதமே நிலைக்கும்.