கடைசி ஒருவருக்கான செலவு

பொதுநலத் திட்டம் ஒன்றை விரிவாக்க எவ்வளவு பணம் தேவைப்படும் என்று முன்கூட்டிக் கணிப்பது கணக்காளரின் வேலை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அக்கணிப்பை வைத்து நோயாளி ஒருவரைத் தேடிச் செல்வதா, விட்டுவிடுவதா என்று முடிவெடுக்கப்படும்போது, அது அறவியலின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. மலாவி, சாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த எச்.ஐ.வி. சுயபரிசோதனைத் திட்டங்களின் செலவுக் கணக்குகள் இதற்குத் தெளிவான சான்று. கண்டடைவதற்கு அதிகம் செலவாகும் மனிதருக்கு, எளிதில் கண்டடையக்கூடியவருக்கு உள்ள அதே உரிமை உண்டா என்ற பழைய கேள்வி அக்கணக்குகளுக்குள் புதைந்து கிடக்கிறது.

சுயபரிசோதனை என்பது ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லாமல், தம் வீட்டில் தனிமையில், தாமே மாதிரியை எடுத்து, தாமே முடிவைப் பார்த்துக்கொள்ளும் முறை. பரவலாக வழங்கப்படும் ஓராக்விக் கருவியின் தட்டையான முனையால் மேல் ஈற்றையும் கீழ் ஈற்றையும் ஒருமுறை துடைத்து, அதைத் திரவம் உள்ள குப்பியில் நிறுத்தி, 20 நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒரு கோடோ இரண்டு கோடுகளோ தெரியும். இரண்டு கோடுகள் தெரிந்தால் தொற்று உறுதியாகிவிட்டது என்று கொள்ளாமல், மருத்துவ நிலையத்தில் மறுபரிசோதனை செய்துகொள்ள வேண்டும். யுனிட்எய்டு அமைப்பின் நிதியுதவியோடு ‘ஸ்டார்’ என்னும் முன்முயற்சி 2015-இல் இந்த மூன்று நாடுகளில் தொடங்கியது. 2016 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது. 2017-இல் கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவோடு 50 நாடுகளுக்கு ஓராக்விக் கருவியின் விலை 2 டாலராகக் குறைக்கப்பட்டது. மருத்துவமனை வாசலில் தம்மை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி ஒதுங்கியிருந்த ஆண்களும் இளைஞர்களும் தம் நிலையை அறிந்துகொள்ள முன்வந்ததே இம்முறையின் பெரும் பயன்.

வீடு வீடாகச் சென்று கருவிகளை வழங்கிய முறையை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, வழங்கப்பட்ட ஒரு கருவிக்கு ஆன சராசரிச் செலவு மலாவியில் 8.15 டாலர், ஜிம்பாப்வேயில் 13.84 டாலர், சாம்பியாவில் 16.42 டாலர். கருவியின் விலை இதில் ஒரு பகுதிதான். எஞ்சியது வழங்குநர்களுக்கான ஊதியம், பயிற்சி, வண்டி, எரிபொருள், மேற்பார்வை, கிடங்கு, அலுவலகம் ஆகியவற்றுக்குச் செல்கிறது. ஒரே கருவி, ஒரே திட்டம், ஒரே காலம். இருந்தும் இரு அண்டை நாடுகளுக்கு இடையே செலவு இருமடங்காக வேறுபடுகிறது. வீடுகள் நெருங்கி அமைந்த இடத்தில் ஒரே நாளில் பல கதவுகளைத் தட்டிவிடலாம். பல மைல் தொலைவில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளில் அது இயலாது. மக்கள் அடர்த்தி மிக்க மலாவியையும், பரந்து விரிந்து மக்கள் குறைந்த சாம்பியாவையும் ஒப்பிடுபவருக்கு இந்த வேறுபாட்டின் ஒரு காரணமாவது விளங்கும்.

முன்கணிப்பில் நேரும் முதன்மையான பிழையும் இங்கேதான் தொடங்குகிறது. சோதனை முயற்சியில் ஒரு கருவிக்கு ஆன சராசரிச் செலவை எடுத்து, நாடு முழுவதற்கும் தேவைப்படும் கருவிகளின் எண்ணிக்கையால் பெருக்கிவிடுவது எளிது. அவ்வாறு பெருக்கியவர் ஒரே நேரத்தில் இரண்டு உண்மைகளை மறந்துவிடுகிறார். பயிற்சிக் கையேடு, தலைமை அலுவலகம், வாகனம் போன்றவற்றுக்கான மாறாச் செலவு கருவிகளின் எண்ணிக்கை கூடக் கூடப் பலவற்றின்மீது பரவுவதால், சராசரிச் செலவு தொடக்கத்தில் குறைகிறது. இதைப் பொருளியலார் அளவுச் சிக்கனம் என்பர். ஆனால் அணுக எளிதானவர்கள் எல்லோரும் அடையப்பட்ட பிறகு, சாலை முடியும் இடத்துக்கு அப்பால் இருப்பவர், பருவ வேலைக்காக ஊர் ஊராக அலைபவர், கதவைத் திறக்கவே அஞ்சுபவர் ஆகியோரே எஞ்சுவதால், கூடுதலாக ஒருவரை அடைய ஆகும் செலவு, அதாவது இறுதிநிலைச் செலவு, ஏறத் தொடங்குகிறது. சராசரி என்ற ஒற்றை எண் இந்த ஏற்றத்தை மறைத்துவிடுகிறது.

மறைக்கப்படும் வேறொன்றும் உண்டு. நிதிச் செலவு என்பது கையிலிருந்து உண்மையில் வெளியேறிய பணம்; பொருளியல் செலவு என்பது பணம் கொடுக்கப்படாத போதும் பயன்படுத்தப்பட்ட ஒவ்வொரு வளத்துக்கும், அது வேறிடத்தில் ஈட்டியிருக்கக்கூடிய பயனைக் கொண்டு மதிப்பிடுவது. சமூகமே முன்னின்று நடத்தும் திட்டங்கள் மலிவாகத் தோன்றுவதற்கு, கிராமத் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், குறைந்த படியோடு அல்லது படியே இல்லாமல் நடக்கும் நடை ஒரு காரணமாகிறது. நிதிக் கணக்கில் மட்டும் சிக்கனமாகத் தோன்றுகிற திட்டத்தின் சுமையை ஏழையொருத்தியின் உழைப்பு தாங்கிக்கொண்டிருக்கிறது என்றால், அந்தச் சிக்கனத்தைத் திறமை என்று பாராட்டுவது நேர்மையாகாது.

இறுதிநிலைச் செலவு ஏறும் அதே வேளையில், தேடலின் பலன் குறைந்துகொண்டே வருகிறது. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் 95 விழுக்காட்டினர் தம் நிலையை அறிந்திருக்க வேண்டும், அவ்வாறு அறிந்தவர்களில் 95 விழுக்காட்டினர் ஏ.ஆர்.டி. எனப்படும் வைரஸ் எதிர்ப்பு மருந்துச் சிகிச்சையில் இருக்க வேண்டும், சிகிச்சையில் இருப்பவர்களில் 95 விழுக்காட்டினரின் உடலில் வைரஸ் அடக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2025-ஆம் ஆண்டுக்கென ஐ.நா.வின் எய்ட்ஸ் திட்ட அமைப்பு இலக்கு வகுத்தது. இந்த இலக்கை நெருங்கும் நாட்டில், நிலை அறியாதவர் வெகு சிலரே எஞ்சியிருப்பதால், அவர்களில் ஒருவரைக் கண்டறிய முன்னைவிடப் பன்மடங்கு கருவிகளை வழங்க வேண்டியிருக்கிறது. திட்டம் வெற்றி பெறப் பெற, புதிதாகக் கண்டறியப்படும் ஒருவருக்கான செலவு உயர்கிறது.

அப்போது பயன்முதல்வாதம் தன் தீர்ப்பை முன்வைக்கிறது. பலருக்கு விளையும் மொத்த நன்மையை அதிகரிப்பதே சரியான செயல் என்று கொள்ளும் இக்கோட்பாடு, மருத்துவப் பொருளியலில் இயலாமை சரிசெய்த வாழ்வாண்டு என்னும் அலகின் வழியே செயல்படுகிறது; நோயாலும் அகால மரணத்தாலும் இழக்கப்படும் நலமான ஓர் ஆண்டைக் குறிக்கும் அளவு அது. அத்தகைய ஓர் ஆண்டைக் காக்க ஆகும் செலவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் அப்பணத்தை வேறிடத்தில் செலவிடுவதே மேல் என்பது அதன் முடிவு. ஆப்பிரிக்காவின் இப்பகுதிக்கான மாதிரிக் கணிப்புகளில் 500 டாலர் என்ற எல்லை பயன்படுத்தப்பட்டதுண்டு. இதை ஈரமற்ற கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. தொலைதூரத்தில் அறியப்படாமல் இருக்கும் ஒருவரைத் தேடச் செலவாகும் தொகை, ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கும் பலருக்கு மாத்திரையாகவோ, மலேரியாவால் துடிக்கும் குழந்தைக்கு மருந்தாகவோ ஆகியிருக்கக்கூடும். தராசின் எதிர்த்தட்டில் இருப்பவரும் உயிருள்ள மனிதரே என்பதே இவ்வாதத்தின் வலிமை.

இந்த மூன்று நாடுகளிலும் கிறித்தவர்களே பெரும்பான்மையினர். சாம்பியா 1991-இல் தன்னைக் கிறித்தவ நாடு என்று அறிவித்துக்கொண்டது. ஆகவே அங்கே இக்கேள்வி, நற்செய்தி நூல்களில் வரும் காணாமற்போன ஆட்டின் உவமையோடு இயல்பாகவே இணைகிறது. நூறு ஆடுகளில் ஒன்று தவறிப்போக, எஞ்சிய தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிச் செல்லும் மேய்ப்பன், இறுதிநிலைச் செலவைப் பார்க்க மறுக்கிறான். ஆனால் தொண்ணூற்றொன்பதைக் காப்பது யார் என்று பயன்முதல்வாதி கேட்கும் கேள்விக்கு உவமை நேரடியாக விடை தரவில்லை. அது வள ஒதுக்கீட்டுக்கான விதியாகச் சொல்லப்பட்டதும் அன்று. அது உறுதியாகச் சொல்வது ஒன்றுண்டு: தவறிப்போன ஆட்டின் மதிப்பு, தேடும் வழியின் நீளத்தால் குறைவதில்லை. செலவு வழியைப் பற்றிய செய்தி. மதிப்பு ஆளைப் பற்றியது. செலவுத்திறன் பட்டியலில் இவ்விரண்டும் ஒரே எண்ணாகச் சுருக்கப்படும்போது, தொலைவில் இருப்பவர் குறைந்த மதிப்புள்ளவராகக் காட்சியளிக்கிறார்.

ஜிம்பாப்வே விடுதலை பெற்ற 1980-ஆம் ஆண்டில், அந்நாட்டு வரலாற்றாசிரியர் ஸ்டான்லேக் சாம்காங்கேயும் டாமி மேரி சாம்காங்கேயும், ஷோனா மக்கள் ஹுன்ஹு என்று வழங்கும் மனிதப் பண்பின் அடிப்படையில் ஒரு மெய்யியல் நூலை வெளியிட்டனர். செல்வத்துக்கும் இன்னொரு மனிதரின் உயிருக்கும் இடையே தெரிவு செய்ய நேர்ந்தால் உயிரையே தெரிவு செய்ய வேண்டும் என்பது அதில் விளக்கப்படும் நெறிகளுள் ஒன்று. உயிருக்கும் உயிருக்கும் இடையிலான போட்டியில் இந்நெறி உதவாதே என்று மறுப்புச் சொல்லப்படலாம். ஆனால் அந்தப் போட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போதுதான் நெறியின் கூர்மை வெளிப்படுகிறது. வரவுசெலவுத் திட்டத்தின் உச்சவரம்பு மழையைப் போலவோ மலையைப் போலவோ இயற்கையாக அமைந்ததன்று. சில மனிதர்கள், சில தலைநகரங்களில், செல்வத்தை எதற்கு ஒதுக்குவது என்று எடுத்த முடிவு அது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, 2003 முதல் எச்.ஐ.வி. எதிர்ப்புப் பணிகளின் முதுகெலும்பாக இருந்த பெப்ஃபார் என்னும் அதன் திட்டம் ஆட்டம் கண்டது. பின்னர் உயிர்காக்கும் சிகிச்சைக்கு விலக்கு அளிக்கப்பட்டாலும், மக்களைத் தேடிச் செல்லும் பணிகள் பல இடங்களில் முடங்கின. எரிபொருள் விலையையும் நாணய மதிப்பையும் கவனமாகச் சேர்த்துக்கொண்ட முன்கணிப்புகள், கொடுப்பவர் மனம் மாறும் வாய்ப்பைத் தம் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஒரு முடிவு, மலாவியின் எல்லாக் கரடுமுரடான சாலைகளையும்விடப் பெரிய செலவை ஏழைகள்மீது ஏற்றியது.

காலத்தைப் பற்றிய ஒரு மெய்யியல் சிக்கலும் இக்கணக்குகளில் உண்டு. எதிர்கால நன்மையை இன்றைய நன்மையைவிடக் குறைவாக மதிப்பிடும் விகிதம் கழிவு வீதம் எனப்படுகிறது. மருத்துவச் செலவு ஆய்வுகளில் ஆண்டுக்கு 3 விழுக்காடு என்பது வழக்கம். இவ்வீதத்தில், 30 ஆண்டுகளுக்குப் பின் வாழப்படும் ஓர் ஆண்டு, இன்றைய ஆண்டில் ஏறத்தாழ 41 விழுக்காடாகச் சுருங்கிவிடும். கருவிக்கும் நடைக்கும் ஆகும் செலவு இன்றே முழுதாக எழுதப்படுகிறது. கண்டறியப்பட்ட இளைஞர் சிகிச்சையால் பெறும் முதுமையோ பாதிக்கும் கீழாக எழுதப்படுகிறது. பிற்கால இன்பத்தைக் காலத்தின் பொருட்டு மட்டும் தள்ளுபடி செய்வது அறத்தால் நியாயப்படுத்த முடியாதது என்று கேம்பிரிட்ஜ் மெய்யியலாளர் ஃபிராங்க் ராம்சே 1928-லேயே வாதிட்டார். பணம் வட்டி ஈட்டும் என்பதால் பணத்தைக் கழித்து மதிப்பிடுவதில் நியாயம் உண்டு. வாழ்நாளுக்கு அந்த நியாயத்தை அப்படியே நீட்டுவது ஐயத்துக்குரியது. உலக நோய்ச்சுமை ஆய்வு, தன் 2010-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டிலிருந்து வாழ்வாண்டுகளின்மீதான இக்கழிவைக் கைவிட்டது சரியான முடிவே.

எனினும் பயன்முதல்வாதத்தின் தீர்ப்புக்கு எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம் இறுதிநிலைச் செலவின் தோற்றத்திலேயே அடங்கியிருக்கிறது. உவமையில் ஆடு தானே வழி தவறியது. எட்டாத் தொலைவில் இருக்கும் மனிதரோ பல சமயங்களில் விரட்டப்பட்டவர். ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கும் சட்டங்கள் இந்த மூன்று நாடுகளிலும் உள்ளன. அத்தகைய உறவுகொள்பவரிடம் ஒரு கருவியைக் கொண்டுசேர்க்க நம்பகமான இடையாளும் மறைவான இடமும் நெடுநாள் பழக்கமும் தேவைப்படுவதால் செலவு கூடுகிறது. பாலியல் தொழிலாளரிடம் சமூகம் காட்டும் இழிவும், சில திருச்சபைகள் மருத்துவத்தின்மீது விதித்த தடையும் இவ்வாறே செலவைக் கூட்டுகின்றன. தொற்றைப் பரப்புவதைத் தனிக் குற்றமாக்கியிருந்த சட்டப் பிரிவை ஜிம்பாப்வே 2022-இல் நீக்கியது இவ்வகையில் நினைக்கத்தக்கது. அச்சத்தைக் குறைக்கும் சட்டத்திருத்தம் செலவைக் குறைக்கும் வழியும் ஆகும். சமூகமே ஒருவரைத் தொலைவுக்குத் தள்ளிவிட்டு, தொலைவில் இருக்கிறார் என்பதையே காரணம் காட்டி அவரைத் திட்டத்திலிருந்து விலக்குவது இருமுறை இழைக்கப்படும் அநீதி.

முன்கணிப்பே வேண்டாம் என்று இதனால் முடிவு கட்டுவது தவறாகும். கணக்கின்றித் தொடங்கிய திட்டம் பாதியில் நிற்கும்போது முதலில் கைவிடப்படுபவரும் தொலைவில் இருப்பவரே. வேண்டியது கணக்கின் முழுமை. சராசரியோடு இறுதிநிலைச் செலவும், கொடுத்த ஊதியத்தோடு கொடுக்காத உழைப்பும், தேடுவதற்கான தொகையோடு தேடாமல் விடுவதால் பின்னர் நேரும் தொற்றுகளின் செலவும் அதில் இடம்பெற வேண்டும். எந்த வட்டாரத்தில், எந்தப் பிரிவினரில், எத்தனை பேர், எக்காரணத்தால் விடுபடுகிறார்கள் என்பதைச் சொல்லாத செலவு முன்கணிப்பை எந்த அமைச்சகமும் எந்த நிதியளிப்பு நிறுவனமும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.