ஒரே சாலை, இரண்டு கொடி

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், பள்ளிவாசலைத் தாண்டித் தெற்கே நடந்தால் கொஞ்ச தூரத்திலேயே சாலையின் பெயர் மாறிவிடும். பெயர்ப் பலகையில் 'லெபோ கேனன்' என்றிருக்கும், பீரங்கித் தெரு. 1867 கலவரத்தில் பீரங்கிக் குண்டு பறித்த பள்ளத்தால் வந்த பெயர் என்பார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் பத்து நாள் போர்க்களமாகக் கிடந்தது. சர்ச் தெருவில் கீ ஹின் சங்கம், ஆர்மேனியன் தெருவில் துவா பெக் கோங் சங்கம். இரண்டும் சீனர் சங்கங்கள், நடந்தே போய்விடும் தூரம்தான். பேராக்கின் லாருட்டில் ஈயச் சுரங்கங்களுக்காக வளர்ந்த பகை இங்கேயும் புகைந்துகொண்டிருந்தது.

சீனர் சண்டைதானே என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். முஹர்ரம் ஊர்வலக் குழுக்களிலிருந்து வளர்ந்த வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்ற இரண்டு சங்கங்களும் களத்தில் இறங்கின. மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் சேர்ந்திருந்த சங்கங்கள் அவை. வெள்ளைக்கொடி கீ ஹின்னோடு நின்றது, சிவப்புக்கொடி துவா பெக் கோங்கோடு. ஒரே பள்ளியில் ஒரே வரிசையில் தொழக்கூடியவர்கள் எதிரெதிரே ஆயுதம் ஏந்தினார்கள்.

பினாங்கில் மொழியை வைத்தும் மதத்தை வைத்தும் எதிரியை அடையாளம் கண்டிருக்க முடியாது. ஆர்மேனியன் தெருவில் இன்றும் நிற்கும் சையது அல்-அத்தாஸ் மாளிகையைப் பாருங்கள். அதைக் கட்டிய அரபு வம்சாவளி வணிகர் சிவப்புக்கொடித் தலைவர். அவர் மணந்த பெண்களில் ஒருவர் துவா பெக் கோங்கின் செல்வாக்கு மிக்க கூ குலத்துச் சீனப் பெண். சம்பந்தம் பேசிய வீடுகள் சண்டையிலும் ஒரே பக்கம் நின்றன.

பிறகு விசாரணைக் குழு அமர்ந்தது. 1869இல் ஆபத்தான சங்கங்களை ஒடுக்கச் சட்டம் வந்தது.

இன்றும் 'கலவரம்' என்று காதில் விழுந்த உடனே எந்த இனம், எந்த மதம் என்றுதான் முதலில் கேட்கிறோம். யாருடைய பணம், யாருடைய இடம் என்று கேட்பதில்லை. அந்தப் பக்கம் போனால் பலகையின் அடியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கூடவே பிள்ளைகள் இருந்தால், இரண்டு பக்கமும் நம்மவர்கள் இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.